இடது பின்கதவின் குமிழ்

எங்கள் அப்பா தன் ஆயுளில் இரண்டு முறைதான் தெருவையே கூட்டி வைத்துக் காட்டினார். முதல் முறை, நான் பிறந்தபோது என்னை. இரண்டாம் முறை, காரின் சென்ட்ரல் லாக்கை. இரண்டாவதற்குத்தான் கூட்டம் அதிகம் என்று அம்மா சொல்வாள். எனக்கு அதில் வருத்தமில்லை. பிள்ளைகள் எல்லா வீட்டிலும்தான் பிறக்கின்றன. ஒரு சாவியைத் திருப்பினால் நான்கு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் கார் எங்கள் தெருவில் வேறு யாரிடமும் இல்லை.

கார் புதிதல்ல. கோயம்புத்தூரில் ஒரு மில்காரர் வீட்டில் ஓடிக் களைத்து எங்களிடம் வந்து சேர்ந்த வெள்ளைக் கார். அதன் டேப் ரெக்கார்டர் பாடாது. மழை பெய்தால் முன்சீட்டின் காலடியில் தண்ணீர் நிற்கும். ஆனால் மில்காரரின் மகன் ஆசைப்பட்டு எங்கிருந்தோ வரவழைத்து மாட்டியிருந்த அந்த லாக் மட்டும் கச்சிதமாக வேலை செய்தது. அப்பா காருக்காக லாக்கை வாங்கினாரா, லாக்குக்காகக் காரை வாங்கினாரா என்பது எங்கள் வீட்டில் தீராத வழக்கு.

அப்போது எனக்கு எட்டு வயது. திருப்பூரில் வீட்டுக்கு வீடு பனியன் கம்பெனி முளைத்துக்கொண்டிருந்த காலம். எங்களுடையது வீட்டின் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் இரும்பு ஷட்டரும் போட்ட நீளமான கொட்டகை. அப்பா முன்பு மங்கலம் ரோட்டில் வேறொரு கம்பெனியில் டெய்லராக இருந்தவர். அம்மா அவர் மிஷினுக்குக் கைமடி. அதாவது, அவர் தைக்கத் தைக்கத் துணியை மடித்துக் கொடுக்கும் வேலை. மடித்துக் கொடுத்தவளையே கல்யாணம் செய்துகொண்டு, கையில் இருந்ததையெல்லாம் போட்டு நாலு மிஷின் வாங்கி, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்துத் தலையெடுத்தவர். அப்படிப்பட்டவர் ஒரு கார் வாங்கினால் நாலு பேருக்குக் காட்டாமல் இருக்க முடியுமா?

காட்டும் விதமே தனி. டிரைவர் பக்கக் கதவருகே நின்று தொண்டையைச் செருமுவார். சாவிக்கொத்தை எடுப்பார். அதில் கார் சாவியும் கம்பெனி ஷட்டர் சாவியும் ஒன்றாகத் தொங்கும். "எல்லாரும் கண்ணாடிக்குள்ள பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திருப்புவார். 'டக்'. நான்கு கதவுகளின் மேலிருந்த கறுப்புக் குமிழ்களும் ஒரே நேரத்தில் கீழே இறங்கும். எதிர்வீட்டு அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அட சாமி! கதவுக்குள்ள ஆராச்சும் உக்காந்திருக்காங்களாங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அன்றிலிருந்து காரில் ஏறும்போதெல்லாம் கதவை மெதுவாகத்தான் சாத்துவேன்.

ஆனால் அந்த லாக்கைவிடப் பெரிய அதிசயம் ஒன்று காருக்குள் நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அம்மா எப்போதும் பின்சீட்டில் இடது பக்கம் உட்காருவாள். நான் அவள் பக்கத்தில். அப்பா சாயப்பட்டறையிலோ நூல் கடையிலோ வண்டியை நிறுத்தி, "ரெண்டு நிமிசத்துல வந்தர்றேன்" என்று இறங்குவார். குழந்தை கதவைத் திறந்து ரோட்டில் இறங்கிவிடக் கூடாதென்று வெளியிலிருந்து சாவியைத் திருப்புவார். 'டக்' என்று மூன்று குமிழ்கள் விழும். நான்காவது விழாது. அதை அம்மா பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்திருப்பாள். குமிழ் கீழே போகத் துடிக்கும். கதவுக்குள் 'கிர்' என்று ஒரு முனகல் கேட்கும். அம்மாவின் நகம் வெளுத்துப்போகும். பிறகு முனகல் அடங்கும். குமிழ் மேலேயே நிற்கும். அம்மா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல வெளியே பார்ப்பாள்.

நான் வாயடைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன். தெருவே வாயைப் பிளந்த ஒரு யந்திரத்தை என் அம்மா இரண்டே விரல்களால் ஜெயித்துக்கொண்டிருந்தாள்! ஒரு முறைகூடத் தோற்றதில்லை. எதற்காக இந்தப் போட்டி என்று எனக்குத் தோன்றவே இல்லை. பலசாலிகள் பலத்தைக் காட்டுவார்கள், அதற்குக் காரணம் வேண்டுமா என்ன? அப்பாவிடம் சொல்லவில்லை. அவருடைய லாக் தோற்றுப்போனது தெரிந்தால் அவர் மனசு கஷ்டப்படும் அல்லவா.

இப்படி ஒரு வருஷம்போல ஓடியது. மெல்ல அந்தக் குமிழ் ஆட்டம் கண்டது. சாவியைத் திருப்பினால் மற்ற மூன்றும் விழ, அது மட்டும் பாதி இறங்கி நின்றது. வண்டி ஓடும்போது கதவுக்குள் 'கடகட'வென்று சத்தம். மேடு பள்ளத்தில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து அப்பா வேகத்தைக் குறைத்தார்.

சும்மா இருந்த நாளாக இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார். அந்தச் சமயம் பார்த்துத்தான் மொத்தமாகப் பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருவர் எங்கள் கம்பெனியைப் பார்க்க வருவதாக ஏஜென்ட் சொல்லியனுப்பினார். கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் கம்பெனிக்கு நேரடியாக ஆர்டர் கிடைப்பது என்பது லேசுப்பட்ட காரியமில்லை. அது கிடைத்தால்தான் வாங்கிய மிஷின்களுக்கு வருஷம் முழுக்க வேலை. இல்லையென்றால் அவற்றில் பாதியைத் துணி போட்டு மூடி வைக்க வேண்டும். அப்பாவே கோயம்புத்தூர் போய் அவரைக் காரில் அழைத்து வர வேண்டும். மரியாதைப்பட்டவர்கள் உட்காருவது பின்சீட்டின் இடது பக்கம். அதாவது, அந்தக் கடகடப்பின் காதோரம்.

"கதவையே சரியா மாட்டத் தெரியாதவன் காலரை என்னத்த மாட்டப் போறான்னு நெனைக்க மாட்டானா?" என்று அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கவலைப்பட்டார்.

"விடுங்கண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றார் சித்தப்பா. எங்கள் கம்பெனி மிஷின்களுக்கு மெக்கானிக் அவர்தான். கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் அவருக்குப் பயம் என்பதே கிடையாது. எங்கள் வீட்டு மிக்ஸியும் சுவர்க் கடிகாரமும் இதற்குச் சாட்சி. இரண்டும் ஓடவில்லை.

சித்தப்பாவின் முதல் வைத்தியம் பனியன் வேஸ்ட். திருப்பூரில் வெட்டி மிஞ்சிய பனியன் துண்டுகள் இல்லாத வீடு கிடையாது. தலையணைக்குள் அதுதான், வண்டி துடைக்க அதுதான், குழாயில் நீர் கசிந்தாலும் அதுதான். ஆடுகிற எதையும் பனியன் வேஸ்ட் வைத்து அடைத்தால் நின்றுவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சித்தப்பா கண்ணாடியை இறக்கி, அது இறங்கும் இடுக்கு வழியாகக் கை கையாகத் துண்டுகளைத் திணித்து, ஒரு கம்பியால் குத்திக் குத்தி உள்ளே தள்ளினார். சத்தம் நின்றது. "அவ்வளவுதானுங்கண்ணா" என்று கையைத் தட்டிக்கொண்டார். அதன் பிறகு கண்ணாடி மேலே ஏறவில்லை. மறுநாள் கதவும் திறக்கவில்லை. நானும் அம்மாவும் வலது கதவு வழியாக ஏறி, சீட்டில் நகர்ந்து நகர்ந்து போய் உட்கார்ந்தோம்.

பையர் வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில், வேறு வழியில்லாமல் கதவைப் பிரித்தே பார்ப்பது என்று முடிவாயிற்று. அன்றைக்கும் கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கோ அவசர ஷிப்மென்ட். தேனி, போடிப் பக்கத்திலிருந்து வந்து தங்கி வேலை பார்த்த அக்காக்கள் உள்ளே தைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வழக்கம்போல ஷட்டரை இழுத்து விட்டு வெளியே பூட்டுப் போட்டிருந்தார். ஷிப்மென்ட் நாட்களில் அப்படித்தான். திறந்து கிடந்தால் நாய் உள்ளே வந்து துணியில் படுத்துவிடும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். டீ வரும் நேரத்துக்குத் திறப்பார். டீ குடித்ததும் பூட்டுவார்.

சித்தப்பா கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றினார். கை வைக்கும் கட்டையின் ஸ்க்ரூக்களைக் கழற்றினார். பிறகு கதவின் உள்பக்க அட்டையை விளிம்பில் பிடித்து இழுத்தார். 'பட் பட்' என்று கிளிப்புகள் விடுபட, அட்டை தனியாக வந்தது. அதன் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளையும் உரித்தார்.

கதவு என்பது ஒரே கெட்டியான பொருள் என்று நினைத்திருந்தேன். அதற்குள் இவ்வளவு பெரிய வெற்றிடம்! எதிர்வீட்டு அம்மா சொன்ன ஆள் இல்லை. ஆனால் ஆள் இருந்தால் வசதியாக இருக்கலாம். அந்த வெற்றிடத்திலிருந்து சித்தப்பா திணித்த பனியன் துண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சிவப்பு, மஞ்சள், கோடு போட்டது, பூப்போட்டது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன. அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் தேடுடா, உள்ள ஒரு முழு பீஸ் இருந்தாலும் இருக்கும்" என்றார்.

துணியெல்லாம் போன பிறகுதான் உண்மையான அதிசயம் தெரிந்தது. சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு சின்ன மோட்டார். அதிலிருந்து ஒல்லியான கம்பி ஒன்று வளைந்து நெளிந்து மேலே போய்க் குமிழில் முடிந்தது. அவ்வளவுதான். முன்கதவில் அப்பா சாவியைத் திருப்ப, அந்தச் சேதி எங்கோ ஒரு வயர் வழியாக ஓடி வந்து, இந்த இருட்டுக்குள் கிடந்த பெட்டி அதைக் கேட்டு, கம்பியை இழுத்திருக்கிறது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல நின்றேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

சித்தப்பா மோட்டாரைத் தொட்டு ஆட்டினார். விழப்போகிற பல்போல ஆடியது. ஸ்க்ரூக்கள் இருந்த ஓட்டைகள் அகன்று, தகரம் கிழிந்திருந்தது. கம்பி நடுவில் வளைந்திருந்தது. அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"அண்ணா, இது தானா லூசாகலீங்க. மோட்டாரு கீழ இழுக்கறப்ப ஆரோ மேல இழுத்துப் புடிச்சிருக்காங்க. நெதமும் இப்படி இழுத்தா தகரம் என்னத்துக்கு ஆவும்?"

அப்பா என்னைப் பார்த்தார். பின்சீட்டில் உட்காரும் இருவரில் சந்தேகப்படத் தகுந்தவள் நான்தான்.

"ஏங்கண்ணு, நீயா வெளையாடுனே?"

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அம்மாவின் ரகசியம் போய்விடும். ஓரக்கண்ணால் வாசற்படியைப் பார்த்தேன். அம்மா மடியில் பனியன்களைக் குவித்துப் போட்டுக்கொண்டு பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கத்திரியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"புள்ளையக் கேக்காதீங்க. நாந்தானுங்க."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீயா? எதுக்கு புள்ள?"

"லாக்கு விழறப்ப புடிச்சுக்குவனுங்க. கீழ போக உட மாட்டேன்."

"மோட்டாரையா? ரெண்டு வெரல்லயா நங்கை?" என்றார் சித்தப்பா. எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் குரலில் கோபம் போய் மரியாதை வந்திருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசியில் இன்னொருவருக்கும் தெரிந்துவிட்டது.

அப்பா விடவில்லை. "அட, பூட்டிக்கிட்டாலும் உள்ள இருந்து நீயே தூக்கிக்கலாமே! ஆரு உன்னைய அடைச்சு வெச்சாங்க?"

"தூக்குனா வந்துரும்னு தெரியுமுங்க" என்றாள் அம்மா. "ஆனா அந்த சத்தம் கேட்டா கை தானா போயிருதுங்க. மங்கலம் ரோட்டுக் கம்பெனியில எங்களையெல்லாம் உள்ள உட்டுப்போட்டு வெளிய பூட்டு மாட்டுவாங்களே, அந்த சத்தம். மறந்துபோட்டீங்களா? நீங்களும் எங்ககூட உள்ளதானுங்க இருந்தீங்க."

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அம்மா ஒரு பனியனை எடுத்தாள். பிசிறு வெட்டாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"காருல புடிச்சு நிறுத்திருவனுங்க. நம்ம சட்டர்லயும் அதே சத்தந்தான் கேக்குது. சமையக்கட்டு வரைக்கும் கேக்குது. அத என்னால புடிக்க முடியறதில்லீங்க."

எனக்கு இந்தப் பேச்சில் பிடிபட்டது ஒன்றுதான். அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் ஒரே கொட்டகையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தார்கள். ஜாலியாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். துணிக் குவியலில் படுத்துத் தூங்கியிருப்பார்கள். நாய்த் தொல்லையும் இருந்திருக்காது.

அப்பா கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். பூட்டுத் திறக்கும் சத்தமும் ஷட்டர் கடகடவென்று மேலே ஏறும் சத்தமும் கேட்டன. உள்ளேயிருந்து ஓர் அக்காவின் குரல், "என்னண்ணே, இம்புட்டு வெரசா டீ வந்துருச்சா?" என்றது.

"டீ இல்லீங்கம்மணி. காத்து வரட்டும்னு தொறந்தேன்" என்றார் அப்பா.

சித்தப்பா அன்று சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. வளைந்த கம்பியை இடுக்கியால் நிமிர்த்தினார். பழைய மிஷின் பெல்ட்டிலிருந்து ரப்பர் துண்டுகளை வட்டமாக வெட்டி மோட்டாருக்கு அடியில் வைத்து, பெரிய ஸ்க்ரூக்களாகப் போட்டு முறுக்கினார். எண்ணெய் விட்டார். அட்டையை மாட்டும் முன்பே அப்பாவைக் கூப்பிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். நான் திறந்திருந்த கதவின் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி 'டக்' என்று துள்ளியது. கம்பி சரக்கென்று இறங்கியது. நான்கு குமிழ்களும் ஒன்றாக விழுந்தன. சித்தப்பாவை நான் அதுவரை அப்படி அண்ணாந்து பார்த்ததில்லை. அம்மா என்னைத் தலைக்கு ஊற்ற இழுத்துக்கொண்டு போகும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அன்று சாயங்காலம் நாங்கள் மூவரும் அவிநாசி கோயிலுக்குப் புறப்பட்டோம். பையர் நல்லபடியாக வந்து போக வேண்டுமே. கதவுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. பூக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, அப்பா இறங்கிப் பழக்கதோஷத்தில் சாவியைத் திருப்பினார். 'டக்'.

மூன்று விழுந்தன. அம்மாவின் விரல்கள் அதற்குள் குமிழுக்குப் போய்விட்டிருந்தன. ஆனால் பிடிக்க ஒன்றுமில்லை. குமிழ் துடிக்கவில்லை, முனகவில்லை. சும்மா நின்றது. அம்மா விரலை எடுத்துப் பார்த்தாள். அப்போதும் அது நின்றது.

சித்தப்பாவின் வேலை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை! பையர் வந்து உட்காருவார், லாக் விழாது, ஆர்டர் போய்விடும், மிஷின்களைத் துணி போட்டு மூடுவார்கள். அப்பா பார்ப்பதற்குள் காப்பாற்றிவிடலாம் என்று அம்மாவின் மடிமேல் பாய்ந்து, குமிழை உள்ளங்கையால் ஓங்கி அமுக்கினேன். 'டக்' என்று அது விழுந்தது. அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது எனக்குத் தெரிந்தது.

அப்பா கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டார். பூக்கடையை விட்டுத் திரும்பி வந்து முன்கதவைத் திறந்தார். சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி, பின்னால் எட்டி, பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்தக் குமிழைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார். அம்மா பிடிப்பது போலவே பிடித்தார்.

"அது அப்படியே நிக்கட்டுங் கண்ணு. அது உங்கம்மா கதவு" என்றார்.

அம்மா முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். ரிப்பேர் இப்படிச் சொதப்பியதே என்றுதான் அழுகிறாள் என நினைத்து, "சித்தப்பா மறுபடியும் சரி பண்ணிருவாரும்மா" என்று அவள் கையைத் தடவிக்கொடுத்தேன்.

சித்தப்பா சரி பண்ணிய கதையை அவர் வாயாலேயே கேட்டது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான். அதுவும் கல்யாண வீடுகளில், பத்துப் பேர் முன்னால், ஒரு குறையாகத்தான் சொல்வார். நான் குளிக்கப் போனதும் அப்பா அந்தக் கதவின் வயரை மட்டும் கழற்றச் சொன்னாராம். "காத்தால இருந்து உசுரக் குடுத்துச் சரி பண்ணுனவனைப் பாத்து, கழட்டுடாங்கறாரு! வெள்ளைக்காரன் அங்கதானுங்களேண்ணா உக்காருவான்னேன். அவன் ஒருநா உக்காருவான்டாங்கறாரு!"

அந்த ஒருநாளும் வந்தது. நெட்டையான அந்த மனிதர் பின்சீட்டில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். அப்பா பூட்டும்போது மூன்று விழுந்து ஒன்று நிற்பதை அவர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு விரலால் சுட்டிக்காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா தனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, "தட் டோர், மை ஒய்ப் டோர், சார்" என்றார். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, சிரித்தார். சின்னதாக ஓர் ஆர்டரும் கொடுத்தார். கெட்டுப்போன லாக்கைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக் கொடுத்தார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஷட்டர் பூட்டை அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஆள் உள்ளே இருக்கும்போது அப்பா போடவே இல்லை. பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்து, அதில் மாட்டி வைத்தார். ஷிப்மென்ட் நாளிலும் ஷட்டர் பாதி ஏறியே கிடந்தது. இரண்டு அக்காக்கள் கூலி அதிகம் என்று வேறு கம்பெனிக்குப் போனார்கள். ஒரு செவலை நாய் நிஜமாகவே உள்ளே வந்து துணிக் குவியலில் படுத்துக்கொண்டது. அப்பா அதை விரட்டவில்லை.

எனக்குத்தான் அப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது. தெருவைக் கூட்டிக் காட்டிய மனிதருக்கு ஒரே வாரத்தில் இரண்டு பூட்டும் கெட்டுப்போய்விட்டனவே. இரண்டும் சீக்கிரம் சரியாக வேண்டும் என்று அந்த வருஷம் முழுக்கச் சாமி கும்பிட்டேன். நல்ல வேளையாக எந்தச் சாமியும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.